படகு யந்திரத்தின் தீப்பொறி
(கரையோர மீனவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



படகின் பின்புறத்தில் பொருத்தும் யந்திரம் இன்று வலையைப் போலவே நம் தொழிற்கருவி ஆகிவிட்டது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூடு என்பவர் 1909-ஆம் ஆண்டில் இவ்வகை யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் குமரிக் கரையின் வள்ளங்களில் அது பெருவாரியாக ஏறியது 1980-களிலும் அதற்குப் பின்னருமே. வலை கிழிந்தால் அதைப் பொத்துவதற்கு நாம் பிறரை நாடுவதில்லை. யந்திரம் நின்றாலோ கைகட்டி நிற்கிறோம். இந்நிலை மாறவேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

டீசல் யந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் யந்திரத்திற்கோ பொறியே உயிர். 1970-களிலிருந்து மின்னணுப் பற்றவைப்பு பரவத் தொடங்கியது. அதற்கு முந்திய யந்திரங்களிலும், பின்னர் வந்த சிறிய யந்திரங்கள் சிலவற்றிலும் உள்ளது பாயிண்ட் முறை. அதைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

யந்திரத்தின் தலையில் சுழலும் சக்கரத்தில் காந்தம் பதிக்கப்பட்டுள்ளது. அது காயிலைக் கடக்கும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் என்னும் இரு முனைகளும் உரிய நேரத்தில் பிரிந்தவுடன் அம்மின்சாரம் அறுபடுகிறது. அக்கணமே பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கின் இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது. பாயிண்ட் முனைகள் கருகாமல் காப்பது கண்டென்சர். இந்நான்கில் எது பழுதானாலும் விளைவு ஒன்றே: யந்திரம் நின்றுவிடும். ஆகையால் பழுது எது என்று அறிந்த பின்பே மாற்றுதல் வேண்டும்.

இதனை நாம் நஷ்டப்பட்டே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய யந்திரம் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் புதுப் பிளக் போட்டோம். கரையில் நன்றாகவே ஓடிற்று. ஒருநாள் கரை கண்ணுக்கு மறைந்த தொலைவில் அது அடியோடு நின்றது. நீவாடு வள்ளத்தை இழுத்துச் சென்றது. துடுப்பு வலித்துக் கைகள் கொப்புளித்தன. மாலையில் வேறொரு வள்ளத்தார் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்திராவிடில், அன்றிரவு நம் வீடுகளில் விளக்கெரிந்திராது. பின்னர்ச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது காயிலின் மேலுறை மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. குளிர்ந்திருக்கையில் பொறி கொடுத்த காயில், சூடேறியதும் நிறுத்திவிட்டது. பிளக்கின்மீது பழி சுமத்திய நாம், குற்றவாளியைச் சக்கரத்தின் அடியிலேயே விட்டுவைத்திருந்தோம்.

எனவே, முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாகவும் கருமையாகவும் இருந்தால் துடைத்து மாற்றுங்கள். பிறகு பொறியைச் சோதியுங்கள். எண்ணெய்க் கலத்தை அப்புறப்படுத்தி, ஆவி அடங்கிய பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியை நீலநிறமாகச் சடசடவென்று தாண்டும் பொறியே நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்திருந்தால் உள்ளே பழுது உண்டு. இரண்டு சிலிண்டர் யந்திரமாயின், ஒரு பக்கத்துக் காயிலை மறுபக்கத்திற்கு மாற்றிப் பாருங்கள். பழுதும் உடன் மாறினால் காயிலே காரணம். செலவில்லாத சோதனை இது.

சக்கரத்தைக் கழற்றச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது பெருந்தவறு. தண்டின் மரை கெடும், காந்தமும் சேதப்படலாம். சக்கரத்தின் நடுவிலுள்ள மரைத் துளைகளில் பூட்டி இழுக்கும் புல்லர் கருவியையே உபயோகிக்க வேண்டும். விளிம்பைப் பற்றி இழுக்கலாகாது.

பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுவது நலம். பாயிண்ட் முழுதும் விரிந்து நிற்கும் நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கவேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூடு யந்திரங்கள் பலவற்றில் இது 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பிற யந்திரங்களுக்கு அவற்றின் கைப்புத்தகமே பிரமாணம். முனைகளில் எண்ணெய்ப் பசை இருத்தல் கூடாது. தூய துணியால் துடையுங்கள். பல மாதம் ஓடாத யந்திரத்தில் முனைகளில் படியும் மெல்லிய களிம்பே பொறியை மறித்துவிடும். கம்பிகள் சக்கரத்தில் உரசாமலும், வேகக் கைப்பிடியைத் திருப்பும்போது நசுங்காமலும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

சக்கரத்தைத் திரும்பப் பூட்டுமுன் தண்டிலுள்ள சிறு சாவியைக் கவனியுங்கள். அது வளைந்திருந்தால் பொறி நேரம் தவறும். சக்கரம் அமரும் சரிவில் எண்ணெயும் காந்தத்தில் இரும்புத் தூளும் இருக்கலாகாது. இறுதியில் யந்திரத்தை நீர் நிறைந்த பீப்பாயில் நிறுத்தி, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பாருங்கள். நீரின்றி ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்து கெடும். குளிர்ந்த யந்திரம் கரையில் காட்டும் நல்ல முகத்தை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்.

சகோதரர்களே! புல்லரும் ஃபீலர் கேஜும் ஆளுக்கொன்று வாங்கவேண்டியதில்லை. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். இளைஞர் இருவர் இத்தொழிலைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தல் வேண்டும். ஒவ்வொரு வள்ளத்திலும் மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் ஈரம் படாத டப்பாவில் இருக்கட்டும். துடுப்பைக் கரையில் விட்டுச் செல்லவும் வேண்டாம்.

கடலின் குணம் நம் கையில் இல்லை. யந்திரத்தின் பொறியோ நம் கையில் இருக்கிறது. அதைப் பேணுவோமாயின், விடியலில் சென்றவர் அந்திக்குள் வீடு திரும்புவர்.