குளிசையை நிறுத்தலாமா?



ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் கூடும்போது நாம் தேடுவது பள்ளித் தோழிகளைத்தான். சென்றமுறை ஒருத்தி வரவில்லை. "சுகமாகத்தானே இருக்கிறன்" என்று பிரஷர் குளிசையை நிறுத்தியவள். பாரிசவாதம் வந்து வலக்கை வழங்காமல் போயிற்று.

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு காட்டாது. ஆனாலும் மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றைப் பழுதாக்கும்.

நம் நாட்டில் 700 நோயாளருடன் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. மூன்று மருந்துகளை அரைவாசி அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேருக்கு அமுக்கம் கட்டுக்குள் வந்தது; வழக்கமான சிகிச்சையில் 55 பேருக்கே.

2020இல் வெளியான இன்னோர் ஆய்வு இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்தது. சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அளந்து, ஆலோசனை சொன்னார்கள். வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மேல் அளவு, வழக்கமான பராமரிப்பிலும் பார்க்க 5 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்தது.

வீடு தேடி வந்து விசாரிக்க ஆளிருந்தால் பலன் உண்டு. அந்த ஆளாக நாம் இருப்போம். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்போம். வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தோம். கொழும்பிலோ கனடாவிலோ இருந்தாலும் மாதமொருமுறை ஒரு தோழியை அழைத்து, "என்ன புள்ள, பிரஷர் பாத்தியா?" என்று கேட்போம்.