சோகம் வேறு, இருட்டு வேறு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் மோட்டார், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நான் டிவியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் நம் வீட்டுப் பிரச்சினைதான். போன மாதம் நம் பிளாக்கில் ஓர் அம்மா சொன்னார்: "சீரியல் பார்த்தா மனசு படபடன்னு அடிச்சுக்குது. நிறுத்திட்டா வீடே வெறிச்சுன்னு இருக்குது." வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், பிள்ளைகள் வெளியூரில். பொழுது சாய்ந்தபிறகு அந்த வீட்டில் கேட்கும் ஒரே பேச்சுச் சத்தம் டிவிதான். "அணைச்சிட்டுப் படுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். அவருக்கு அது பதிலாகாது.

நாம் தினமும் பார்ப்பதை யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் சீரியலில் பாலில் விஷம் கலக்கிறார்கள். ராத்திரி ஓடிடி பக்கம் போனால் கொலை, கடத்தல். அதில் வடசென்னை வந்தால் கூடவே அரிவாளும் வந்துவிடும். பார்த்து முடித்ததும் என்ன செய்கிறோம்? போட்ட தாழ்ப்பாளை எழுந்து போய் இன்னொரு தடவை பார்க்கிறோம். புதிதாகக் குடிவந்தவர் காலையில் லிஃப்டில் ஏறினால் ஒரு விநாடி தயங்குகிறோம். டிவியில் இருக்கும் சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாக நம் வராந்தாவுக்கும் வந்துவிடுகிறது. எனக்குக் கவலை இதில்தான்.

"அப்போ கார்ட்டூன் பார்க்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. கடன், ஆஸ்பத்திரி, சாவு எல்லாம் பார்த்தவர்கள் நாம். கஷ்டமே இல்லாத கதை நமக்கு ஒட்டாது. ஆனால் சோகம் வேறு, இருட்டு வேறு. சோகமான கதையில் கஷ்டம் வரும், அதை ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்வார்கள். இருட்டான கதையில் யாரையுமே நம்ப முடியாது. பார்த்து முடித்தபின் மனசு லேசாகிறதா, பாரமாகிறதா என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

பழைய உதாரணம் ஒன்று. ஆர்.கே. நாராயண் 1906-ல் சென்னையில் பிறந்தவர். பக்கத்துப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அவர் கதைகளை வைத்து 1980களில் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வந்தது. இயக்கியவர் சங்கர் நாக், படம் பிடித்தது கர்நாடகத்து ஆகும்பேயில். அந்தக் கதைகளில் ஒன்றில் தானப்பா என்று ஒரு தபால்காரர். கல்யாண வீட்டுக்கு ஒரு சாவுச் செய்தி வருகிறது. அதைக் கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடும். அந்த முகூர்த்தத்தை விட்டால் அந்தப் பெண்ணுக்கு இந்த வரன் கிடைக்காது. செய்தியைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார், தாலி ஏறியபிறகு கொண்டுவந்து கொடுக்கிறார். அவர் செய்தது சரியா தப்பா என்று ராத்திரி முழுக்கப் பேசலாம். கதையில் சாவு இருக்கிறது, வில்லன் இல்லை.

'மெட்டி ஒலி' நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடியது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை. அழாத நாள் குறைவு. ஆனாலும் 2020 ஊரடங்கில் திரும்பப் போட்டபோது வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் குடும்பம் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காது, அதுதான் காரணம்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். 1990களில் 'மர்மதேசம்' எடுத்து நம்மையெல்லாம் ராத்திரியில் பயமுறுத்தியவர் இயக்குநர் நாகா. அவரேதான் ஒரே பெயருள்ள கணவன் மனைவியை வைத்து 'ரமணி வெர்சஸ் ரமணி' எடுத்துச் சிரிக்க வைத்தார். 2024 செப்டம்பரில் அவர் இயக்கத்தில் அமேசான் பிரைமில் 'தலைவெட்டியான் பாளையம்' வந்தது. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்! பட்டணத்துப் பையன் ஒருவன் கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராகப் போகிறான், அவ்வளவுதான் கதை. மொத்தம் 8 பகுதிகள். 'விடாது கருப்பு'வில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இதிலும் இருக்கிறார்கள்.

அது 2020-ல் வந்த 'பஞ்சாயத்' என்ற ஹிந்தித் தொடரின் தமிழ் வடிவம். அந்த மூலத்தில், ஆபீசுக்கு வாங்கிய சுழல் நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார ஆசைப்படுவது ஒரு முழுப் பகுதிக்கு வரும். பிறகு, இரண்டாம் சீசன் முடிவில் ஒரு வீட்டில் தாங்க முடியாத இழப்பு நேர்கிறது. ஊரே அந்த மனிதரோடு நிற்கிறது. நாற்காலிக்குச் சிரித்த நாம் அங்கே அழுகிறோம். ஆனால் பயத்தோடு தூங்கப் போவதில்லை.

நம் ஏரியாவில் கால்பந்து ஆடாத பையன்கள் குறைவு. அவர்களோடு உட்கார்ந்து பார்க்க 'டெட் லாஸோ' இருக்கிறது. கால்பந்தே தெரியாத ஓர் அமெரிக்கக் கோச் இங்கிலாந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார். தோற்றவனைத் திட்டாமல் தட்டிக்கொடுக்கும் கோச். கெட்ட வார்த்தைகள் உண்டு, அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கதையே வேண்டாம் என்பவர்களுக்கு 'குக்கு வித் கோமாளி' இருக்கவே இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பம் வந்தால் மூன்று வழி சொல்கிறேன். ஒன்று, முதல் இரண்டு பகுதிகளில் யாராவது ஒருவர் லாபம் பார்க்காமல் இன்னொருவருக்கு உதவுகிறாரா என்று கவனியுங்கள். இல்லையென்றால் தாராளமாக நிறுத்திவிடலாம், பாதியில் விட்டால் பாவம் ஒன்றும் வராது. இரண்டு, ஓடிடி தொடர்களுக்கு வயது வகையும், வன்முறை இருக்கிறதா என்ற குறிப்பும் போட வேண்டும் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது. தொடங்குவதற்கு முன்னால் அதைப் படியுங்கள். மூன்று, கிரைம் தொடர் பிடிக்கும் என்றால் பகலில் பாருங்கள். தூங்குவதற்கு முந்தைய அரைமணி நேரத்தை நல்ல மனிதர்களுக்குக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகப் பார்க்காதீர்கள். அதற்காகச் சங்கத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை, நம் ஹாலில் ஒரே ஒரு பகுதி போடுவோம். பார்த்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டபடி கொஞ்சம் பேசுவோம். முதல் மாதத்துக்கு 'ரமணி வெர்சஸ் ரமணி' வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த தொடரின் பெயரைச் செக்யூரிட்டி அறை நோட்டில் எழுதி வையுங்கள். படியேற முடியாத பெரியவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கைபிடித்துக் கூட்டி வாருங்கள்.

நாற்காலி போட இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.