750 டாலருக்குக் கைமாறிய பாட்டு

மேசைமேல் விரலால் தட்டிப் பாருங்கள். மூன்று தட்டு, பிறகு இரண்டு; மறுபடியும் மூன்று, மறுபடியும் இரண்டு. 'லூயி லூயி' என்ற அமெரிக்கப் பாட்டின் அடித்தாளம் ஏறக்குறைய இவ்வளவுதான். இந்தச் சின்னத் தாளத்துக்குப் பின்னால் உழைப்பு, ஏமாற்றம், வதந்தி, நீதி எல்லாம் அடங்கிய பெரிய கதை ஒன்று உண்டு. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

பாட்டை எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வளர்ந்த கறுப்பின இளைஞர். 1955ஆம் ஆண்டு வாக்கில் அனஹைம் என்ற ஊரின் நடன மண்டபம் ஒன்றில், தம் முறை வரும்வரை மேடைக்குப் பின்னால் காத்திருந்தார். அப்போது மேடையில் ஒரு குழு, கியூபா நாட்டு இசைஞர் ரெனே டூசேயின் 'எல் லோகோ சா சா' என்ற இசையை வாசித்தது. அதன் தொடக்கத் தாளம் பெர்ரியின் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் அகப்பட்ட தாளில் சொற்களை எழுதிவிட்டார். ஜமைக்கா நாட்டுக் கப்பல் தொழிலாளி ஒருவன், தனக்காகக் காத்திருக்கும் காதலியை எண்ணி மதுக்கடைக்காரன் லூயியிடம் மனம்விட்டுப் பேசுவதே பாட்டின் பொருள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவனின் ஏக்கம் நமக்குப் புதிதல்லவே!

1957இல் இசைத்தட்டு வெளிவந்தது. ஓரளவு விற்றது, பெரும்புகழ் வரவில்லை. பெர்ரிக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது, கையில் பணமில்லை. ஆகவே இந்தப் பாட்டின் உரிமையை, வேறு சில பாட்டுகளோடு சேர்த்து, 750 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பாட்டு மடியவில்லை. வடமேற்கு அமெரிக்காவின் இளைஞர் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. மூன்றே சுரக்கூட்டுகள், கித்தார் பழகத் தொடங்கியவரும் வாசித்துவிடலாம். 1963 ஏப்ரலில் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த 'கிங்ஸ்மென்' குழுவினர் அதை ஒலிப்பதிவு செய்தார்கள். செலவு 50 டாலருக்கு மேல் ஆகவில்லை. ஒலிவாங்கி தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியது. பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து நின்று கத்த வேண்டியிருந்தது. போதாததற்குப் பல்லில் கம்பி வேறு. ஓரிடத்தில் அவசரப்பட்டு முன்னதாகவே பாடத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். டிரம்ஸ் வாசித்தவர் ஓர் உருட்டு உருட்டிச் சமாளித்தார். அந்தப் பிழையோடுதான் இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது!

சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை அல்லவா? அங்கேதான் வினை முளைத்தது. அதில் ஆபாசம் இருக்கிறது என்று மாணவரிடையே வதந்தி கிளம்பியது. ஆளுக்கொரு பாடத்தை எழுதி, கைக்குக் கை கொடுத்தார்கள். 1964இல் இந்தியானா மாநில ஆளுநர், வானொலிகள் அதை ஒலிபரப்ப வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யே விசாரணையில் இறங்கியது. இசைத்தட்டை வேகமாகவும் மெதுவாகவும் சுழலவிட்டுக் கேட்டார்கள். கடைசியில், சொற்கள் எந்த வேகத்திலும் புரியவில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். 1957இல் பெர்ரி பாடிய இசைத்தட்டிலோ சொற்கள் தெளிவாகவே இருந்தன. மூலத்தைக் கேட்டிருந்தால் ஐயம் அன்றே தீர்ந்திருக்கும்.

வதந்தி பாட்டின் புகழை வளர்க்கவே செய்தது. வீட்டின் கார் கொட்டகையில் கூடிப் பழகிய இளைஞர்களின் இசைக்குக் 'கராஜ் ராக்' என்று பெயர். அந்த இசைக்கு இந்தப் பாட்டு அரிச்சுவடி ஆயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1983இல் கலிபோர்னியாவின் கல்லூரி வானொலி ஒன்று, இந்த ஒரே பாட்டின் 800க்கும் மேற்பட்ட வடிவங்களை 63 மணி நேரம் தொடர்ந்து ஒலிபரப்பியது.

எழுதியவர் நிலை என்ன? 1980களின் நடுவில் பெர்ரி அரசாங்க உதவிப் பணத்தில், தம் தாயாரின் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார். அச்சமயம் ஒரு பான நிறுவனம் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டை நாடியது. அதற்கு அவருடைய கையெழுத்து தேவைப்பட்டது. கலைஞர்களின் உரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். முயற்சி பலித்தது, உரிமையில் ஒரு பங்கு திரும்பியது, வறுமை தீர்ந்தது. 1997இல் பெர்ரி காலமானார்.

நேயர்களே, பெர்ரி திறமையில் குறைந்தவர் அல்லர். அவசரத் தேவை அவரைக் கையெழுத்திட வைத்தது. கல்யாணமோ கருமாதியோ, பணமுடை வரும்போதுதான் நம் முன்னும் தாள் நீட்டப்படுகிறது. அந்த நேரத்தில், "கொஞ்சம் பொறுங்கள், படித்துப் பார்க்கிறோம்" என்று சொல்லத் துணிவு வேண்டும். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்குப் போகும் நம் பிள்ளையை அருகில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வோம். கையெழுத்து ஒரு நொடி வேலை. அதை மீட்க பெர்ரிக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.