பரபக்கம் முதலில்

 

ஆசியத் தத்துவமும் ஐரோப்பியத் தத்துவமும் சந்திக்கும் இந்தக் கருத்தரங்குக்காக யமுனையின் இக்கரையில், மயூர் விஹாரில் கூடியிருக்கிறோம். அக்கரையில், நிகம்போத் மாளிகையில் இளவரசர் தாரா ஷுகோ காசிப் பண்டிதர்களைத் துணைகொண்டு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார், ஆண்டு 1657. அதிலிருந்து ஆங்கெத்தில் துப்பெரோன் செய்த லத்தீன் ஆக்கம் 1801–02இல் அச்சேறியது. அதைப் படித்துத்தான் ஷோப்பன்ஹவர் உபநிடதங்களில் தோய்ந்தார். தமிழுக்கும் இதில் பங்குண்டு. கார்ல் கிரௌல் 1854இல் கைவல்ய நவநீதத்தை ஜெர்மனில் தந்தார்; ஷோமெருஸ் 1912இல் சைவ சித்தாந்தத்துக்கென்றே தனிநூல் எழுதினார்.

ஆனாலும் இவற்றை உரையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷோப்பன்ஹவரின் விளக்கத்தை மறுத்துப் பேச அங்கே ஒரு காசிப் பண்டிதர் இல்லை. சிலர் நம்மைப் பாராட்டினார்கள். ஹுஸ்ஸெர்லோ 1935 வியன்னா உரையில், மெய்யான தத்துவம் கிரேக்கத்தில்தான் பிறந்தது என்று நம்மை ஒதுக்கி வைத்தார். புகழ்ந்தபோதும் ஒதுக்கியபோதும் நம் தரப்பு வாய் திறக்க வழியில்லை. பின்னாளில் ஜே. எல். மேத்தா ஹைடெகரையும், ஜே. என். மொஹந்தி ஹுஸ்ஸெர்லையும் ஆழக் கற்று ஆங்கிலத்தில் எதிர்கொண்டார்கள். தமிழில் அந்த வேலை பெரும்பகுதி பாக்கி.

அதற்கான முறை நம் கையிலேயே இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பிற மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை வைத்தார். உலோகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை 14 மதங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் எதிராளியின் மதம், பிறகே மறுதலை.

ஓர் இடத்தை மட்டும் தொட்டுக் காட்டுகிறேன். உணர்வு என்பது எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய உணர்வே என்பார் ஹுஸ்ஸெர்ல். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பார் சைவ சித்தாந்தி. கேட்டவுடன் இரண்டும் ஒன்றெனத் தோன்றும், கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாம். சற்று நெருங்கிப் பாருங்கள். ஹுஸ்ஸெர்லுக்கு, பொருள் பொருளாகப் புலப்படுவதே உணர்வின் செயலால்தான். சித்தாந்திக்கோ, உயிர் அறிவித்தால்தான் அறியும். காட்டும் இறைவன் இல்லையேல் காட்சியே இல்லை. நடுவில் அத்வைதி எழுந்து, எதையும் பற்றாத தூய உணர்வு உண்டே என்பார். பேச்சு சூடுபிடிப்பது இங்கேதான்.

ஆகவே, தலைமை தந்த உரிமையில் ஒரு விதி சொல்கிறேன். மறுக்க எழுபவர் முதலில் எதிர்த்தரப்பின் கொள்கையைத் தம் வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தரப்பைக் கற்றவர் ‘ஆம், இதுதான்’ என்று ஒப்பிய பிறகே மறுப்பு. ஹைடெகரைப் படித்தவர் சித்தாந்த ஆசான் மெய்கண்டாரைச் சொல்லட்டும். சித்தாந்தம் பயின்றவர் ஹைடெகரைச் சொல்லட்டும். சொல்ல வராத இடத்தில் மறுக்கவும் உரிமையில்லை. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.