வாதரத்தமும் நெல்லிக்கனியும்

(பேராவூரணியில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

வைத்தியனல்லாத யான் நோயைப் பற்றிப் பேச எழுந்தது பொருந்தாதெனச் சிலர் கருதலாம். தமிழ் ஓதுவித்தலே என் தொழில். ஆயினும் ஒரு நோய் நம்மிடையே முற்றுவதற்கு ஒரு சொல்லும் ஒரு கதையும் துணை நிற்கக் காண்கின்றேன். சொல்லும் கதையும் தமிழாசிரியன் ஆராய்தற்குரியன ஆதலின் பேசத் துணிந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அச்சொல் யாதெனில், 'வாதம்' என்பது. முழங்கால் தேய்ந்தாலும் வாதம் என்கின்றோம். கைவிரல்கள் முடங்கினாலும் வாதம் என்கின்றோம். உடலின் ஒரு பக்கம் செயலற்று வீழ்ந்தாலும் வாதம் என்கின்றோம். நள்ளிரவில் காற்பெருவிரலின் அடிமூட்டு நெருப்பிட்டாற்போலச் சிவந்து வீங்கி, போர்த்த துணி மேலே படுதலையும் பொறாது துடிக்கும் நோய்க்கும் அதே பெயர்தான். பெயர் ஒன்றாயிருத்தலின் மருந்தும் ஒன்றே என மயங்குகின்றோம். இறுதியிற் கூறிய நோயை ஒத்ததனை ஆயுர்வேத நூலார் 'வாதரத்தம்' எனப் பிரித்தோதினர். ஆங்கில வைத்தியர் 'கௌட்' என்பர்.

இது விளையும் முறையைக் கேண்மின். நம் உடலின் அணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் 'பியூரின்' என்னும் பொருள் உண்டு. அது சிதைந்து யூரிக் அமிலம் ஆகும். அவ்வமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழும் நமக்கு இதனை விளக்குதல் எளிது. வரத்து மிகுந்தாலும் வயலில் நீர் தேங்கும். வடிகால் தூர்ந்தாலும் தேங்கும். இந்நோயாளருட் பெரும்பாலார்க்கு வடிகாற் குறையே முதற் காரணம். விருந்துணவு அதன்மேல் வந்து சேரும் வெள்ளம்.

இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்னும் அளவை இவ்வமிலம் கடந்து நிற்குமாயின், வேதாரணியத்து உப்பளத்தில் உப்புப் பூத்தல் போல, ஊசி வடிவப் படிகங்களாய் மூட்டுகளிற் படியத் தலைப்படும். காற்பெருவிரல் உடலின் கோடியிற் குளிர்ந்திருப்பதாகலின் பெரும்பாலும் ஆங்கே முதலில் தாக்கும். நாற்பது கடந்த ஆடவரிடத்து இது மிகுதி. மகளிர்க்குப் பெரிதும் மாதவிடாய் நின்ற பின்னரே வரும்.

அமிலத்தை மிகுவிப்பன ஈரல், ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி, இறால், மதுவகை, சர்க்கரை மிகுந்த குளிர்பானம் என்பன. நம் காதணி விழா விருந்தின் பட்டியலும் ஏறத்தாழ இதுவேயன்றோ? பருப்பிலும் கீரையிலும் பியூரின் உண்டெனினும், அவற்றால் இந்நோய் மிகுவதாக ஆராய்ச்சியிற் காணப்படவில்லை. ஆகவே அவற்றை அஞ்சி விலக்க வேண்டா.

இனிக் கதைக்கு வருவோம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டு அக்கொடையைப் போற்றுகின்றது. மாணாக்கர்க்கு இதனை ஓதுந்தோறும் என் நெஞ்சு உருகும். அவ்வுருக்கத்தால் யான் ஒரு பிழை செய்தேன். என் தமையனார்க்குக் கால்விரல் வீங்கியபோது, "வைத்தியர் தந்த மாத்திரை எதற்கு? நெல்லிச்சாறே போதும்" என்று இக்கதையைச் சொல்லித் தேற்றியவன் யானே. அவர் மருந்தை நிறுத்தினார். வலி வந்தபோதெல்லாம் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். இரண்டாண்டு கழிந்தபின் விரலிற் சுண்ணாம்பு போன்ற கட்டி உடைந்தது, சிறுநீரகமும் குறையுற்றது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறிற்றிலர்.

அதன் பின்னரே உண்மையைத் தேடிப் படித்தேன். நெல்லியிலுள்ள வைட்டமின் சி-க்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதன்று. 46,994 ஆடவரை இருபது ஆண்டு தொடர்ந்து நோக்கி 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதனை மிகுதியாக உட்கொண்டோர்க்கு இந்நோய் குறைவாக வந்தமை கண்டனர். 13 சோதனைகளை ஒருங்கு நோக்கிய 2011-ஆம் ஆண்டின் ஆய்வில் அமிலம் 0.35 மில்லிகிராம் அளவே குறைந்தது. நோய் வந்துவிட்டவர்க்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் கொடுத்து நியூசிலாந்தில் நடத்திய சோதனையிலோ, தக்க பயன் காணப்படவில்லை என்று 2013-இல் உரைத்தனர். அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர் கழகம் 2020-இல் தந்த நெறியும், இந்நோய்க்காக வைட்டமின் சி மாத்திரை சேர்த்தல் வேண்டா என்றே பரிந்துரைத்தது.

அங்ஙனமாயின் நெல்லி வீணோ? அன்று. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஈறு அழுகி வருந்திய மாலுமியர்க்கு எலுமிச்சையும் நாரத்தை இனக் கனியும் ஊட்டிக் குணங்கண்டார். அக்குணத்தைச் செய்தது இவ்வைட்டமினே. ஈற்றுக்கும் தோலுக்கும் புண் ஆறுதற்கும் அது வேண்டும். கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்கவும் உதவும். குன்னூரில் 1918-இல் தோன்றி 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்ற உணவாராய்ச்சி நிலையம், ஆடவர்க்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் மகளிர்க்கு 65 மில்லிகிராமும் வேண்டுமென 2020-இல் வகுத்தது. பெருநெல்லி ஒன்றிரண்டும், ஒரு கொய்யாவும் அதற்குப் போதும். வேக வைத்தால் பெரும்பகுதி அழியும். ஆதலின் பச்சையாக உண்க. மாத்திரையாக அளவிறந்து விழுங்கின் சிறுநீரகக் கல் உண்டாதலும் கூடும்.

ஆகவே நெல்லி உணவு, வாதரத்தத்துக்கு மருந்தன்று. மூட்டுத் திடீரென வீங்கின் வைத்தியரை அடைந்து இரத்தத்தைச் சோதியுங்கள். அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழ் நிறுத்துதலே குறிக்கோள். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் கண்ட அல்லோபூரினால் 1966 முதல் வழக்கில் உள்ளது. அவ்விருவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். அதனை வைத்தியர் சொற்படி உண்க. வலி நீங்கிற்றென்று நிறுத்தற்க. வலி நீங்கினும் படிகம் நீங்காது. வெயிலில் உழைப்போர் நீர் நிரம்பப் பருகுக.

நம் சங்கத்தாரை யான் வேண்டுவது ஒன்றுண்டு. விருந்திற் கறி குறைந்தால் மானம் குறையும் என்னும் எண்ணத்தை விடுவோம். மதுவை அறவே நீக்கி, மோரும் இளநீரும் வைப்போம். நெல்லியையும் வைப்போம், அன்பின் அடையாளமாக வைப்போம். அதியமான் தந்ததும் அன்பினாலன்றோ? அதன் பெயரால் ஒருவர் மருந்தை மற்றொருவர் நிறுத்தாதிருப்போமாக.