மடத்துக்குள் ஓர் அரும்பொருளகம்

அரும்பொருளகம் என்றதும் பாகான் செராய் வட்டாரத்தில் இருக்கும் நமக்குத் தைப்பிங்தான் நினைவுக்கு வரும். 1883-ஆம் ஆண்டில் தொடங்கிய பேராக் அரும்பொருளகம் நம் நாட்டிலேயே மூத்தது. சிறைச்சாலைக்கு எதிரே இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறோம். வரிசையாக உள்ளே போவார்கள், அரை மணியில் வெளியே வருவார்கள், ஐஸ் கச்சாங் கேட்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை, எப்படிப் பார்ப்பது என்று நாமும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டது வேறோர் ஊர். இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள பழைய கோவா. இங்கிருந்து சில குடும்பங்களாகச் சேர்ந்து இந்தியப் பயணம் போனபோது அங்கே இரண்டு அரும்பொருளகங்களைப் பார்த்தோம். இரண்டுமே முன்பு கான்வென்டுகளாக இருந்தவை.

கான்வென்ட் என்றால் நமக்குப் பெண்கள் பள்ளிக்கூடம். ஆனால் துறவியர் கூடி வாழும் மடத்துக்கே அந்தப் பெயர். மடத்துக் கன்னியர் நடத்தியதால் பள்ளிக்கும் அது ஒட்டிக்கொண்டது.

கோவாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பே உண்டு. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க், மறு ஆண்டே, 1511-இல், மலாக்காவைப் பிடித்தார். நம் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் படிக்கிற அதே அல்புகெர்க்தான். அவருடைய வெண்கலச் சிலை ஒரு காலத்தில் பணஜி நகரின் நடுவே நின்றது. போர்த்துகீசிய ஆட்சி 1961-இல் முடிந்த பிறகு அதைக் கொண்டுவந்து பழைய பிரான்சிஸ்கன் மடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். ஆளும்போது வெளியே நின்றவர், ஆட்சி போனதும் கூரைக்குள்ளே போய்விட்டார்.

அந்த மடத்துத் துறவிகள் கோவாவுக்கு வந்தது 1517-இல். மாதா கோவில்களும் மடங்களும் நிறைந்திருந்த பெரிய நகரம் அது. பிறகு கொள்ளைநோய்களும் காய்ச்சலும் ஊரைக் காலி செய்தன. தலைநகரும் பணஜிக்குப் போயிற்று. 1835-இல் அரசாங்கம் ஆண் துறவியர் மடங்களை மூடியபோது பிரான்சிஸ்கன் மடமும் வெறிச்சோடியது. இந்தியத் தொல்லியல் துறை 1964-இல் அங்கே அரும்பொருளகம் அமைத்தது. போர்த்துகீசிய ஆளுநர்களின் ஆளுயரப் படங்கள் மாடியில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, குலச்சின்னம் உண்டு. பத்துப் படம் பார்ப்பதற்குள் எங்களுக்கு அலுத்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே தாடி, ஒரே வாள்.

கீழே வந்தால்தான் நமக்குப் பழகிய பொருள் கண்ணில் படுகிறது. நம் முன்னோர் நடுகல் என்று வைத்தார்களே, அது போன்ற வீரக்கற்கள். போர்த்துகீசியர் வருவதற்கு முன் அப்பகுதியை ஆண்ட கடம்பர் காலத்தவை. கடற்போரில் மாண்ட வீரனுக்காகக் கப்பலைச் செதுக்கிய கல்லும் உண்டு.

இரண்டாவது இடம் சற்றுத் தள்ளி, ஒரு மேட்டில் இருக்கிறது. சாந்தா மோனிக்கா கன்னியர் மடம். 1606-இல் அடிக்கல் நாட்டி 1627-இல் கட்டி முடித்தார்கள். 1636-இல் தீப்பிடித்துத் திரும்பவும் கட்டினார்கள். சுவர்கள் மிகவும் உயரமானவை. வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள்.

இந்த மடம் மூடப்பட்ட விதத்தைக் கேளுங்கள். ஆண்களின் மடங்களை ஒரே ஆணையில் மூடிவிட்டார்கள் என்றோம். கன்னியர் மடத்தை அப்படிச் செய்யவில்லை. புதிதாக எவரையும் சேர்க்கக் கூடாது, இருப்பவர்கள் இருக்கும் வரை இருக்கலாம் என்றார்கள். அதனால் ஒருவர் ஒருவராகக் குறைந்து, 1880-களில் கடைசிக் கன்னியும் இறந்தபோது அத்தனை பெரிய கட்டடம் ஆளற்றுப் போயிற்று.

இதைக் கேட்டதும் எங்களோடு வந்த அக்கா ஒருவர், "நம்ம லயம் மாதிரிதான்" என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். தோட்டம் கைமாறியபோது யாரும் அவர்களை ஒரே நாளில் விரட்டவில்லை. புதிய ஆட்களை எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் வேலைக்குப் போனார்கள். ஆறு வீட்டு லயத்தில் கடைசியில் ஒரு வீட்டில்தான் விளக்கு எரிந்தது.

ஆனால் அந்த மடத்துக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. 1964 முதல் கன்னியருக்கான கல்விக்கூடம் அங்கே நடந்து வருகிறது. இன்னொரு பகுதியில் கிறிஸ்துவக் கலை அரும்பொருளகம் இருக்கிறது. 1994-இல் ராச்சோல் என்ற ஊரின் குருமடத்தில் தொடங்கி, பின்னர் இங்கே மாறிவந்தது. கோவாவின் கோவில்களிலும் வீடுகளிலும் பயனற்றுக் கிடந்தவை இங்கே சேர்ந்திருக்கின்றன: தந்தச் சிற்பம், மரச்சிலை, வெள்ளிப் பாத்திரம், பூவேலை செய்த பூசை உடுப்பு.

அவற்றுள் எங்களை நிறுத்திவைத்தது ஒரு பறவை. பொன்முலாம் பூசிய வெள்ளியில் செய்த கூழைக்கடா; திருவப்பத்தை வைக்கும் பேழை அது. குஞ்சுகளுக்கு இரை கிடைக்காதபோது தாய்ப்பறவை தன் மார்பையே கொத்தி இரத்தத்தை ஊட்டும் என்பது ஐரோப்பாவில் வழங்கிய பழைய நம்பிக்கை. பறவை நூலார் அதை ஒப்புவதில்லை. கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளமாக அப்பறவையைக் கொண்டார்கள்.

கதை ஐரோப்பாவுடையது, செதுக்கிய கை இந்தியருடையது. கோவாவில் கோவில் வேலை செய்த தச்சரும் தட்டாரும் தந்தச் சிற்பிகளும் இந்நாட்டவரே. பாதிரிமார் படத்தைக் காட்டி இதுபோல் செய் என்பார்கள். இவர்களும் செய்வார்கள். ஆனால் கை பழக்கத்தை விடுமா? பிரசங்க மேடையைத் தாங்குகிற உருவம் நாககன்னியாகிவிடும். நல்ல மேய்ப்பனாகிய குழந்தை இயேசு, கன்னத்தில் கைவைத்துக் கண்மூடி அமர்ந்திருக்கும் கோவாத் தந்தச் சிற்பங்களைப் பார்த்தால் தியானத்தில் இருக்கும் புத்தர் ஞாபகம் வரும். அறிஞர்களும் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சிற்பிகளின் பெயர்களோ பெரும்பாலும் கிடைக்கவில்லை. அங்கே ஆளுநர்கள் எல்லாருக்கும் பெயர்ச்சீட்டு. இங்கே 'இந்தியா, 17-ஆம் நூற்றாண்டு' என்ற அளவில் நின்றுவிடுகிறது. அக்கா கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்றோம். "உளி எந்தப் பக்கமிருந்து போயிருக்குன்னு பாக்கிறேன்" என்றார். மரப்பட்டையில் சரிவு தவறாமல் கோடு இழுத்த கைக்கு அது தெரியத்தானே செய்யும்! நாங்கள் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். அவர்தான் பார்த்தார்.

ஆகவே அடுத்த முறை தைப்பிங் போகும்போது பிள்ளைகளை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு பொருளின் முன் கால் மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். இதை யார் செய்திருப்பார்? எந்தக் கருவியால்? எந்த இடம் தேய்ந்திருக்கிறது, அங்கே யார் கை பட்டிருக்கும்? தேய்ந்த இடத்தைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஐஸ் கச்சாங் இரண்டாகவே வாங்கிக் கொடுக்கலாம்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பால் வெட்டும் கத்தி, வாளி, மங்கு, காண்டாக் கம்பு, செக்ரோல் சீட்டு, கப்பலில் வந்த தாத்தாவின் தகரப்பெட்டி: வீடு மாறும்போது முதலில் பழைய இரும்புக்காரனுக்குப் போவது இவைதாம். கோவாவில் யாரோ ஒருவர் இது எதற்கு என்று வெள்ளியை உருக்கியிருந்தால் அந்தப் பறவை இன்று இல்லை. கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தேய்மானமும் கறையும் அதன் சரித்திரம். ஈரமில்லாமல் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். கூடவே ஒரு சீட்டு: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டுவரை கையில் இருந்தது. பெயரை முழுமையாக எழுதுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும்.