வாரத்தில் ஒரு மணி நேரம்
(50ஆம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இந்த 50 ஆண்டுகளில் நம் சங்கம் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு நடத்தியது. உபகாரச் சம்பளம் வழங்கியது. அந்த வகுப்பில் படித்துத்தான் நானும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனேன். இன்று இன்னோர் உதவியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் தேர்வுச் சுமையைக் குறைக்கக் கல்வி அமைச்சு முயன்று வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 8 அடைவு நிலைகள் வந்தன. 2023க்குள் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப்பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வு நின்றது. வீட்டில் நம் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை: "எத்தனை மார்க்?"

இரண்டு ஆண்டுகளாக வியாழன் பிற்பகலில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஓர் உயர்நிலைப்பள்ளிக்குத் தொண்டூழியப் பயிற்றுநராகப் போகிறேன். பாடம் நடத்துவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. மூன்று கேள்விகள்தான். இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது? அதில் உன்னால் மாற்ற முடிந்தது எது? அடுத்த வியாழனுக்குள் என்ன செய்து பார்ப்பாய்? விடை பிள்ளையிடமிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

உயர்நிலை 2 மாணவன் ஒருவன் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நான்காவது வாரம், "அண்ணே, வெங்காய மூட்டையை நீங்களே தூக்குவீங்களா?" என்றான். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. இரவு 2 மணிவரை தூக்கம் வருவதில்லை என்று ஆறாவது வாரம்தான் சொன்னான். "அத்தா களைச்சுப்போய் வருவாங்க, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றான். பள்ளி ஆலோசகரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மறுவாரம் அவனே சம்மதித்தான். அறை வாசல்வரை கூடப் போனேன். என் பங்கு அவ்வளவுதான்.

அந்த எல்லை முக்கியம். பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்வதாகவோ, வீட்டில் அடிபடுவதாகவோ சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. அன்றே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்று பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால், வெளியே ஒருவரிடம் பேசிப் பழகிய பிறகுதான் அந்தப் பையன் அத்தாவிடமும் பேசினான்.

வியாபாரிகளே, நமக்கு இதற்குத் தகுதியில்லை என்று நினைக்காதீர்கள். வாடிக்கையாளர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது நம் தொழில். ஒரே நிபந்தனை: ஓராண்டு தவறாமல் வர முடிந்தால் மட்டும் பெயர் கொடுங்கள். ஒருநாள் திறந்து மறுநாள் பூட்டும் கடையை யார் நம்புவார்? நாம் பாதியில் நின்றால் பிள்ளைக்கு அது இன்னோர் ஏமாற்றம்.

பதிவுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பத்துப் பேர் கிடைத்தால் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ். வர இயலாதவர்கள் இன்றிரவு பிள்ளையிடம் மார்க்கைக் கேட்குமுன், "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

வஸ்ஸலாம்.